கடுக்காய்க் கறுப்பு

"கையத் தூக்கு" என்றான் ஏசுராஜ்.

கன்னியப்பன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற கால்கள் முழங்கால்வரை வெளுத்து வெடித்து, வேறு யாருடைய கால்களோ போலிருந்தன. ஏசுராஜின் விரல்கள் தலைத்துண்டில் தொடங்கி, அக்குள், முதுகு, வேட்டி மடிப்பு என்று கடகடவென்று இறங்கி இடுப்பு முடிச்சில் நின்றன.

"இது இன்னாடா?"

"கடுக்காய்ணா. ரெண்டே ரெண்டு. கொழந்தைக்கு வவுறு சரியில்ல."

"போன வாரமும் கொழந்தைக்கு வவுறு. அதுக்கு முந்தின வாரமும் வவுறு. உன் கொழந்தைக்கு வவுத்தத் தவுர ஒடம்புல வேற ஒண்ணுமே கெடையாதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஏசுராஜ் சிரிக்கவில்லை. கடுக்காய் இரண்டையும் தன் காக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "போ" என்றான். அடுத்தவன் வந்தான். அவன் மடியிலும் இரண்டு.

அது முப்பத்தொன்றாம் வருஷத்துக் கத்திரி வெயில். ஆம்பூரில் தோலுக்குக் கேள்வி இல்லை. லண்டன் கம்பெனிகள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பாத குறை. பாலாற்றங்கரையில் ஆபித் பாஷா சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் பாதிக் குழிகள் காய்ந்து கிடந்தன. ஆள் மாற்றி ஆளாக, வாரத்துக்கு மூன்று நாள் வேலை. வயிற்றில் ஈரத்துணி கட்டியிருந்தவர்கள், குழிக்குப் போக வேண்டிய கடுக்காயில் ஒன்றிரண்டை மடியில் செருகிக்கொண்டு போய் நாட்டு வைத்தியனிடம் மாற்றப் பார்த்தார்கள். அதைப் பிடிக்கத்தான் வாசலில் ஏசுராஜ்.

பிடித்ததைக் கிடங்குக் குவியலில் திரும்பப் போட வேண்டும் என்பது சட்டம். கிடங்கு ஷாப்பின் அந்தக் கோடியில். அறுபது பேரைத் தட்டிப் பார்த்து முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துபோகும். நாளைக்குப் போட்டுக்கலாம் என்று நினைப்பான். மறுநாள் நினைவிருக்காது. பையும் காலியாகத்தான் இருக்கும்; போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று இருந்துவிடுவான். அடுத்தவன் மடியை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவன் தன் பையை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்றைக்குக் கடைசி ஆளை அனுப்பும்போது கணக்கெழுதும் ரைட்டர் அருணகிரி வந்து நின்றார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சாயபு கூப்புடறாரு. கோட்டுப் பொத்தானப் போட்டுக்கினு வா."

குரலில் ஒரு மாதிரியான இனிப்பு இருந்தது. அது ஏசுராஜுக்குப் பிடிக்கவில்லை.

ஆபித் பாஷா சாயபு அன்று காலைதான் சென்னையில் ஏஜென்டு துரையைப் பார்த்துவிட்டு ரயிலில் வந்திருந்தார். புது ஷெர்வானி. கன்னங்கரேலென்று கழுத்துவரை பொத்தான் போட்டது. பங்கா விசிறி இழுக்கிறவனை நிறுத்தி மாசமாகியிருந்ததால் கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். அதில் மைக்கறை மாதிரி ஏதோ தெரிய, அவசரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு காகிதத்தை மேஜைமேல் நகர்த்தினார்.

"படி."

மொட்டைக் கடிதாசி. எழுத்தை வேண்டுமென்றே கோணல்மாணலாக்கி எழுதியிருந்தது.

'மகாகனம் பொருந்திய சாயபு அவர்களுக்கு நலம் விரும்பி எழுதிக்கொண்டது. தங்கள் வாசற்காரன் சம்பளம் ஊருக்கே தெரியும். அவன் சம்சாரம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டி வரும் சேலையைத் தாங்கள் பார்த்ததுண்டா? போன மாசம் தேன் நிறம். இந்த மாசம் புறா நிறம். ஆஸ்பத்திரி நர்சம்மாள் போல் கை உப்பிய கறுப்பு ஜாக்கெட்டு வேறு. ஊரைத் தட்டிப் பார்க்கிறவனை யார் தட்டிப் பார்ப்பது?'

"யாரு எழுதினதுன்னு தெரியலீங்க சாயபு."

"அரே, யாரு எழுதினா இன்னாய்யா? எழுதினது நெஜமா, பொய்யா? அதச் சொல்லு."

ஏசுராஜ் காகிதத்தை மறுபடி பார்த்தான். தேன் நிறமும் நிஜம், புறா நிறமும் நிஜம். எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. அதுதான் நெஞ்சில் கல்லாக விழுந்தது.

"உன்னைத் திருடன்னு நான் சொல்லல" என்றார் சாயபு. "வெள்ளிக்கெழம ஜும்மா தொழுதுட்டு வர்றேன். உன் சம்சாரத்த இட்டுனு வா. அந்தப் பொடவைங்களோட வரட்டும். எங்க வாங்கினது, யாரு குடுத்தது, என் முன்னாடி சொல்லட்டும். சொல்ல முடியலைன்னா, சனிக்கெழம நீ வாசலுக்கு வர வேணாம்."

அன்று செவ்வாய்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏசுராஜ் தன் மனைவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனான். மனசுக்குள்தான்.

ஜெபராணி அழகாகக் கட்டுவாள். அதில் அவனுக்குப் பெருமைகூட உண்டு. கோயிலில் பெண்கள் பக்கம் அவள் நுழைந்தால் பாட்டில் ஒரு வரி தடுமாறும். "கவர்னர் சம்சாரத்துக்கு வழி விடுங்கடி" என்று கிரேஸி டீச்சரம்மா சத்தமாகவே சொல்வாள். அப்போதெல்லாம் கேட்கத் தோன்றாத கேள்வி இப்போது முள்ளாகக் குத்தியது. வாசற்காரன் சம்பளம் வாங்குகிறவன் பெண்டாட்டிக்கு மாசத்துக்கு ஒரு நிறம் எங்கிருந்து வந்தது?

வீட்டில் களி கிண்டியாகிவிட்டது. கருவாடும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு அடுப்பில் தளதளவென்று கொதித்தது. ஜெபராணி வழக்கம்போல் அவன் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் உதறி, ஆணியில் மாட்டிவிட்டு வந்து தட்டு வைத்தாள்.

"இன்னாமே, அந்தப் புறா கலர் பொடவ, அத எங்க வாங்கின?"

"நாலு வாரமாக் கட்றேன். இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

"கேட்டதுக்கு பதிலு."

"வேலூரு லாங் பஜார்ல. துணித் தானு முடிஞ்சு கடேசில மிஞ்சற வெட்டு இருக்குல்ல, அது. மல்லுத் துணி. மழைத் தண்ணி பட்டுக் கறை ஏறினது. யாரும் வாங்கலன்னு கடைக்காரன் தூக்கிப் போட்டான், எடுத்தாந்தேன்."

"கறை எங்க?"

"போய்டுச்சு."

"எப்படிப் போச்சு?"

கரண்டி குழம்புச் சட்டியில் நின்றது. "இன்னாங்க இது, பொடவைய விசாரிக்கற மாதிரி என்னை விசாரிக்கறீங்க? நான் இன்னா உங்க வரிசைல நிக்கறனா, கையத் தூக்கறதுக்கு?"

ஏசுராஜ் கடிதாசியைப் பற்றி மூச்சு விடவில்லை. தட்டிப் பார்க்கப் போகிறவன் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவானா? களியை உருட்டி விழுங்கினான். எதிரில் அவள் குனிந்து பரிமாறும்போது அவள் விரல் நகங்களைப் பார்த்தான். நகக்கண்களில் கறுப்பு. அடுப்புக் கரியா, வேறு ஏதாவதா?

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் போகிறவர்களைத் தட்டி அனுப்பிவிட்டு, வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வாசலை விட்டுக் கிளம்பினான்.

"கடுக்காய் ஒண்ணு தட்டிப் போட்டுக்கோணா" என்றான் கன்னியப்பன், சிரிக்காமல்.

வீட்டில் ஆள் இல்லை. குடத்தைக் காணோம், கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். நல்லதாகப் போயிற்று. ஏசுராஜ் தகரப் பெட்டியைத் திறந்தான். மேலே ஜெபப் புத்தகம், கீழே சேலைகள். கலைக்காமல், ஓரம் ஓரமாக விரலை விட்டுத் துழாவினான். கறுப்பு ஜாக்கெட்டை எடுத்துப் பிரித்து, எதற்கென்று தெரியாமல் மூக்கில் வைத்தான்.

மறுபடியும் மோந்து பார்த்தான்.

துணியில் தோல் ஷாப்பு மணந்தது. பதினாலு வருஷமாகத் தினமும் சுவாசிக்கிற மணம். ஊற வைத்த பட்டை, குழித் தண்ணீர், கடுக்காய்த் துவர்ப்பு. மூடின பெட்டிக்குள், தன் பெண்டாட்டியின் ஜாக்கெட்டில்!

அப்படியானால் ஷாப்பிலிருந்து ஏதோ இந்த வீட்டுக்கு வருகிறது. யார் மூலமாக?

கொல்லைக்கு ஓடினான். அடுப்பெரிக்க ஷாப்பிலிருந்து அள்ளிவருகிற, தோல் ஊறி முடிந்த பட்டைச் சக்கை குவிந்து கிடந்தது. ஊர் முழுக்க எரிப்பதுதான், அதில் ஒளிவில்லை. குவியலுக்குப் பின்னால் வாய்கட்டின ஒரு பானை. துணியை அவிழ்த்தான். புளித்த வாடை முகத்தில் அறைந்தது. வெல்லமும் பழங்கஞ்சியும். மேலே நுரை, குமிழி குமிழியாக.

சாராயம்!

ஜெபராணியா? பைபிளைத் தொட்டுக் கும்பிடுகிறவளா? கையை உள்ளே விட்டுத் துழாவினான். கனமாக எதுவோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தான். துருவேறின குதிரை லாடம். கூடவே ஒரு பிடி ஆணி.

சாராயத்தில் லாடம் எதற்கு? ஜட்கா வண்டி ஸ்டாண்டில் எவன் இவளுக்கு லாடம் பொறுக்கித் தருகிறான்? ஒரு சந்தேகத்தை முடிக்கப் போனால் இரண்டு முளைத்தது.

கொல்லைப் படல் லேசாக அசைந்தது. ஏசுராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டான். புர்கா போட்ட ஒருத்தி, நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். புர்காவுக்குள்ளே ஒரு மூட்டை உப்பித் தெரிந்தது. ஒரு டஜன் ஆட்டுத்தோலை இறுக்கி மடித்தால் சரியாக அந்த அளவுதான் இருக்கும். அவன் கண் தப்புப் போடாது.

"ஜெபராணி... அரே, ஜெபராணி..."

"கையத் தூக்கு!" என்று கத்திவிட்டான் ஏசுராஜ். வாய்ப் பழக்கம்.

அவள் வீலென்று அலறி இரண்டு கையையும் தூக்க, மூட்டை பொத்தென்று விழுந்தது. முகத்திரை விலகியது. சாயபு வீட்டில் வேலை செய்கிற மஹ்பூபி.

ஏசுராஜ் மூட்டையின் மேல் பாய்ந்தான். பத்து விரலும் அமுக்கின. தோல் இல்லை. துணி. வேலைப்பாடு வைத்த விளிம்பு தட்டுப்பட்டது. பிரித்தால், வெயிலில் செம்பட்டையாகிப் போன ஒரு பழைய புர்கா.

"இன்னா நடக்குது இங்க?"

படலருகே ஜெபராணி குடத்தோடு நின்றிருந்தாள். புருஷன் கையில் லாடம், மஹ்பூபி கண்ணில் தண்ணீர், தரையில் புர்கா. ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. குடத்தை இறக்கி வைத்தாள்.

"பாத்துட்டீங்களா? பெட்டியும் பாத்தாச்சா? திருப்திதானா?"

"இன்னாமே இதெல்லாம்?"

"சாயம்."

"இன்னா?"

"சாயங்க. ஒரு தடவை குழியில வாளி ஆணி ஒண்ணு வுழுந்து, தோலெல்லாம் கறுப்புப் புள்ளி ஆயிடுச்சு, எல்லாருக்கும் அபராதம் போட்டாங்கன்னு நீங்கதான வந்து பொலம்பினீங்க? கடுக்காயும் இரும்பும் சேந்தா கறுப்பு வருதுன்னு எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. கறை புடிச்ச துணிய கடுக்காய்த் தண்ணில ஊற வெச்சு, ஜட்கா ஸ்டாண்டுல கெடந்த லாடத்த வெல்லக் கஞ்சில புளிக்க வெச்ச இந்தப் பானத் தண்ணில முக்கினா கறையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. கம்மியா வுட்டா புறா கலரு. ஜாஸ்தி வுட்டா கறுப்பு. பட்டைச் சக்கைய மட்டும் கொதிக்க வெச்சா தேன் கலரு. உப்பின கை வெட்டறது மட்டும் நர்சம்மாவப் பாத்து எடுத்தது."

"கடுக்காய்? கடுக்காய்க்கு எங்க போன?"

ஜெபராணி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, அவன் காக்கிக் கோட்டின் இரண்டு பைக்குள்ளும் கையை விட்டாள். வெளியே எடுத்த கையை விரித்தாள். ஒன்பது கடுக்காய்.

"நீங்கதான் தெனமும் கொண்டாந்து குடுக்கறீங்க. தெரிஞ்சுதான் கொண்டாறீங்கன்னு இருந்தேன்."

ஏசுராஜ் அப்படியே பட்டைச் சக்கைக் குவியலின் மேல் உட்கார்ந்தான். ஆறு மாசமாக அறுபது பேரின் மடியைத் துழாவி, ஷாப்பின் கடுக்காயை ஒழுங்காக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் அவனேதான்.

கடிதாசியையும் வெள்ளிக்கிழமைக் கெடுவையும் அப்போதுதான் சொன்னான். அவன் சொல்லி முடிக்குமுன் மஹ்பூபி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யா அல்லா! சுகரா பேகம் அம்மா பேரு மட்டும் வெளிய வரக் கூடாதுப்பா. வந்துச்சுன்னா என் சோறும் போச்சு, அவங்க மானமும் போச்சு."

"சாயபு சம்சாரம் பேரு இதுல எங்க வந்துச்சு?"

இரண்டு பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். ஜெபராணிதான் சொன்னாள்.

"சாயபு போட்டுனு மெட்ராசுக்குப் போய்ட்டு வந்தாரே, கறுப்பு ஷெர்வானி. அது புதுசு இல்ல."

"அடிப்பாவி!"

"அவரோட பழசுதான். நரைச்சுப் போன சாம்பல் கலர்ல இருந்துச்சு. வேலூரு டெய்லர்கிட்ட புதுசு தெக்கச் சொல்லி அம்மாகிட்ட துட்டு குடுத்தாராம். வீட்ல அரிசி இல்ல. பெரிய வூடு, வெளிய சொல்ல முடியுமா? அம்மா அரிசிய வாங்கிட்டு, ஷெர்வானிய எங்கிட்ட அனுப்பிச்சிட்டாங்க. மஹ்பூபிதான் மூட்டைய எடுத்தாந்தா. மூணே நாள்ல வேணும்னாங்க. முக்கிக் குடுத்தேன். கழுத்துப் பட்டையத் திருப்பித் தெச்சு, பொத்தானும் மாத்திட்டேன். அவருக்கே அடையாளம் தெரியல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வேதத்துமேல கைய வெச்சு வாக்கு குடுத்திருக்கேன். உங்ககிட்டயே சொல்லல."

"நாளைக்கு சாயபு கேப்பாரே? சாயந்தான்னு சொன்னா நம்புவாரா? அவர் ஷெர்வானிய காட்டினாத்தான நம்புவாரு?"

"அதச் சொல்ல மாட்டேன்."

"அப்ப என் வேல?"

ஜெபராணி குனிந்தாள். விழுந்து கிடந்த புர்காவை எடுத்து மண்ணைத் தட்டி மடித்தாள்.

வெள்ளிக்கிழமை மசூதியிலிருந்து ஆட்கள் கலைந்து போனபின் இருவரும் ஷாப்பு ஆபீசில் நின்றார்கள். ஜெபராணி புறா நிறச் சேலையும் கறுப்பு ஜாக்கெட்டும் போட்டு வந்திருந்தாள். தேன் நிறச் சேலை கையில். வாசல்வரை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சாயபு அதே கறுப்பு ஷெர்வானியில் வந்து உட்கார்ந்தார். ஓரத்தில் அருணகிரி, சாட்சிக்கு.

"சொல்லும்மா. எங்க வாங்கினது?"

ஜெபராணி சொன்னாள். லாங் பஜார் வெட்டு, பட்டைச் சக்கை, துருப்பிடித்த லாடம், கடுக்காய். ஒளிக்காமல், மூச்சு வாங்காமல்.

"கடுக்காயா?" அருணகிரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "வாசல்ல இவ்ளோ கட்டுக்காவல் இருக்கு. கடுக்காய் எப்படிம்மா வெளிய வந்துச்சு?"

ஏசுராஜ் தலை குனிந்தான். "என் பையில வந்துச்சு சாயபு. புடிச்சத கிடங்குல போடாம வுட்டுட்டேன். வேணும்னு செய்யல. ஆனா வந்தது என் பையிலதான்."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கன்னியப்பனாகத்தான் இருக்கும்.

சாயபு சேலையை வாங்கி நெருடிப் பார்த்தார். ஜெபராணியின் ஜாக்கெட்டை உற்றுப் பார்த்தார்.

"நான் முப்பது வருஷமா தோல் யாவாரம் பண்றேன். இரும்பு பட்டா கடுக்காய் கறை வுழும், தெரியும். கறைய வெச்சு சட்டை தெக்க முடியுமா? இது மில்லு சாயம். வேலூரு டெய்லர் எனக்குத் தெச்ச ஷெர்வானிகூட இதே கறுப்புதான்" என்று தன் கையை நீட்டினார். "இதுவும் அதுவும் ஒண்ணுங்கறியா?"

ஏசுராஜின் கண் நீட்டின கையில் நின்றது. ஒரே ஒரு வார்த்தை. 'ஆமாம்' என்றால் போதும், வேலை நிற்கும். மனைவியைப் பார்த்தான். அவள் உதடு இறுகியிருந்தது.

"பாரு, பதில் இல்ல" என்றார் அருணகிரி.

"இருக்கு" என்றாள் ஜெபராணி. "மில்லு சாயத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு சாயபு. மில்லு சாயம் ஒடம்புல ஒட்டாது. இது வேர்வை பட்டா ஒடம்புல எறங்கும். சோப்பு போட்டாலும் மூணு நாளுக்குப் போவாது. சாயந்தானான்னு நீங்களே பாத்துக்குங்க."

சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பினாள். கொண்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, ஜாக்கெட்டின் கழுத்தை ஒரு விரலால் தாழ்த்தினாள்.

பிடரியில், கழுத்துப் பட்டை உட்கார்ந்திருந்த இடத்தில், பேனாவால் இழுத்தமாதிரி ஒரு கறுப்புக் கோடு.

ஆபித் பாஷா சாயபுவின் கை தன்னையறியாமல் மேலே போனது. ஷெர்வானிக் கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தன. அங்கேயே நின்றுவிட்டன.

விரல்களை மெல்ல வெளியே எடுத்தார். யாருக்கும் காட்டாமல், மேஜைக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டார். நுனியில் ஒட்டிய கறுப்பை ஏசுராஜ் மட்டும் பார்த்தான். பார்க்காதவன் மாதிரி கூரையைப் பார்த்தான்.

"அருணகிரி."

"சாயபு?"

"வெளிய போய் அந்தக் கும்பலக் கலை. கதவச் சாத்திட்டுப் போ."

கதவு மூடியது. சாயபு கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"எறங்காம இருக்க வழி இருக்கா?"

"இருக்கு சாயபு. கடேசில ரெண்டு தண்ணி நல்லா அலசி, உப்புல ஒரு முக்கு முக்கணும். அவசரத்துல வுட்டுட்டேன்."

"யாராச்சும் அவசரப்படுத்தினாங்களா?"

ஜெபராணி அவரை நேராகப் பார்த்தாள். "என் ஜாக்கெட்டுக்கு யாரு சாயபு அவசரப்படுத்தப் போறாங்க?"

சாயபு தலையை அசைத்தார். வீட்டில் இரண்டு வேளை அரிசி வெந்தது எப்படி என்று அவருக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியிருக்க வேண்டும். முகத்தில் கோபமா வெட்கமா என்று ஏசுராஜால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அடுத்த தடவை அலசிடு" என்றார். "ஏசுராஜு, நாளைக்கு வேலைக்கு வா. ஆள் வரிசையத் தட்டறதுக்கு முன்னாடி உன் பைய கவுத்துக் காட்டு. அருணகிரி பாப்பாரு."

மொட்டைக் கடிதாசியைக் கையில் எடுத்தார். கிழித்துப் போடுவார் என்று ஏசுராஜ் நினைத்தான். கிழிக்கவில்லை. மடித்து, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. முற்றத்தில் தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யார் எழுதியது? அருணகிரியா, கன்னியப்பனா, கோயிலில் வழிவிடச் சொன்ன டீச்சரம்மாவா? ஏசுராஜின் கண் ஒவ்வொரு முகமாகத் துழாவிக்கொண்டே வந்தது.

வாசலுக்கு வந்ததும் ஜெபராணி நின்றாள். சேலையை இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினாள்.

"இன்னாமே?"

"ஷாப்ப வுட்டுப் போறவங்கள தட்டித்தான அனுப்பணும்? பெட்டிய பாத்தீங்க, பானைய பாத்தீங்க. இதான் பாக்கி. பாத்துக்குங்க."

அவன் கை எழவில்லை. அவள் கண்ணைப் பார்க்காமல், தன் கோட்டுப் பை இரண்டையும் வெளியே இழுத்துக் கவிழ்த்தான்.

அன்று மத்தியானம் பிடித்த ஒரு கடுக்காய் டொக்கென்று விழுந்து உருண்டு, அவள் காலடியில் போய் நின்றது.

ஜெபராணி குனிந்து எடுத்தாள். துடைத்து, அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"கிடங்குல போட்டுட்டு வாங்க" என்றாள். "நான் வெளிய நிக்கறேன்."

கிடங்கு அந்தக் கோடியில் இருந்தது. ஏசுராஜ் நடந்தான்.